பரணில் கிடக்கும் லேப்டாப்பை விற்கும் முன்பு



2025 ஆடி மாதம் கீழக்குயில்குடியில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல், தவணை வசூல் முடிந்து கடன் மனுக்களைப் படித்தார்கள். ஓர் அக்கா 35,000 ரூபாய் கேட்டிருந்தார். நோக்கம் என்ற இடத்தில் 'லேப்டாப்' என்று எழுதியிருந்தது. கடைக்குட்டி மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள், வாங்கித்தான் ஆகணும் என்றார்.

கடன் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. படிப்புக்குக் கொடுக்காத கடனை வேறு எதுக்குக் கொடுப்பது? ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னோர் அக்கா சும்மா இருக்கவில்லை. "ஏத்தா, ஒம் மூத்தவனுக்கு ஸ்கூல்ல ஒரு லேப்டாப்பு குடுத்தாகல்ல? அது எங்க?" என்று கேட்டார்.

"அது கெடக்கு பரண்ல. ஆன் பண்ணிட்டு உலை வச்சு அரிசி போட்டுட்டு வந்தாலும் கெளம்பாது. பழைய இரும்புக்காரர் 600 ரூவாய்க்குக் கேட்டுட்டுப் போயிருக்காரு."

குழு கணக்குப் போட்டது. 35,000 ரூபாய், நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி, 20 தவணை. மாதம் அசல் 1,750. முதல் மாத வட்டி 350. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் என்றாலும், 20 மாதத்தில் வட்டி மட்டும் 3,675 ரூபாய் வருகிறது. அக்கா பூக்கட்டிச் சம்பாதிக்கிறவர். மனுவை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்து, "பழசை எடுத்துட்டு வாங்க, பாத்துட்டுப் பேசுவோம்" என்று தீர்மான நோட்டில் எழுதினார்கள். அந்தப் பழசைப் பார்த்த கதைதான் இந்த மாதப் பாடம்.

எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும்

தமிழ்நாடு அரசு விலையில்லா லேப்டாப் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எல்காட் நிறுவனம் டெண்டர் விட்டு ஏசர், எச்சிஎல், லெனோவா போன்ற கம்பெனிகளிடம் வாங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். நம் ஊர்களில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் ஒன்று பரணிலோ பீரோவுக்கு மேலேயோ நிச்சயம் கிடக்கும். ஒரே வீட்டில் மூன்று கிடப்பதையும் பார்த்திருக்கிறோம்.

முதல் வருடங்களில் வந்த லேப்டாப்பில் மெமரி 2 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 320 ஜிபி. அந்தக் காலத்துக்கு அது போதும். இன்றைக்கு ஒரு பக்கம் திறந்தாலே 2 ஜிபி நிரம்பிவிடுகிறது. மிஷின் கெட்டுப்போகவில்லை. அது சுமக்க வேண்டிய சுமை கூடிப்போச்சு, அவ்வளவுதான்.

பாயும் பெட்டியும்

மெமரி வேறு, ஹார்ட் டிஸ்க் வேறு. ரெண்டையும் ஜிபி கணக்கில் சொல்வதால் நிறையப் பேர் ஒன்று என்று நினைக்கிறார்கள். "320 ஜிபி இருக்கே, அப்புறம் ஏன் மெதுவா ஓடுது?" என்ற கேள்வி அதனால்தான் வருகிறது.

நம் கூட்டத்தையே நினைத்துப் பாருங்கள். நோட்டுகள் எல்லாம் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. கூட்டம் தொடங்கினால் சேமிப்பு லெட்ஜர், கடன் லெட்ஜர், ரொக்கப் புத்தகம், தீர்மான நோட்டு நாலையும் எடுத்துப் பாயில் விரித்து வைக்கிறோம். பாயில் இருப்பதைத்தான் கை நீட்டி எழுத முடியும். கூட்டம் முடிந்தால் பாயைச் சுருட்டிவிடுவோம். நோட்டு பெட்டிக்குப் போய்விடும். பெட்டிதான் ஹார்ட் டிஸ்க். கரண்டு போனாலும் அதில் இருப்பது அப்படியே இருக்கும். பாய்தான் மெமரி. கம்ப்யூட்டரை நிறுத்தினால் அதில் இருப்பது போய்விடும்.

இப்போது பாய் சின்னது என்று வையுங்கள். ஒரு நோட்டு மட்டும்தான் விரிக்க இடம். கடன் லெட்ஜர் வேண்டும் என்றால் சேமிப்பு லெட்ஜரை மூடிப் பெட்டியில் வைத்துவிட்டு வரணும். திரும்ப சேமிப்பு லெட்ஜர் வேண்டும் என்றால் மறுபடியும் நடக்கணும். அந்தப் பெட்டி ஊர்க் கோடியில் இன்னொரு வீட்டில் இருந்தால்? கூட்டம் ராத்திரி வரைக்கும் முடியாது. மெமரி நிரம்பிய கம்ப்யூட்டர் இதைத்தான் செய்கிறது. மெமரியில் இடம் இல்லாததை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் வைப்பதும் எடுப்பதுமாகவே அதன் நேரம் போகிறது. சிவப்பு விளக்கு விடாமல் சிமிட்டுவதும், உள்ளே கர்ர்ர் என்று சத்தம் வருவதும் அந்த நடைதான்.

பெட்டி ஏன் தூரம் என்றால், பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு உள்ளே ஒரு தட்டு சுற்றுகிறது. லேப்டாப்பில் வருவது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. அதன் மேல் ஒரு சின்னக் கை நகர்ந்து நகர்ந்து படிக்கிறது. ஒரு தகவல் இருக்கும் இடத்துக்குக் கை போய்ச் சேர நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் ஆகும். கேட்க ரொம்பக் கொஞ்சம்தான். ஆனால் லேப்டாப் கிளம்பும்போது ஆயிரக்கணக்கான தடவை தேட வேண்டியிருக்கு. எஸ்எஸ்டி என்று இப்போது வருவதில் சுற்றும் தட்டே கிடையாது. பென் டிரைவ் மாதிரி சிப்புதான். தேடும் நேரம் அதில் நூறில் ஒரு பங்கு.

அதனால் எதை மாற்றுவது என்று கேட்டால், காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், 4 ஜிபி மெமரி உள்ள லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போடுங்கள். 2 ஜிபி மட்டுமே இருப்பதற்கு ரெண்டும் வேணும். ஒன்றை மட்டும் போட்டால் அரை வயிற்றுச் சாப்பாடு மாதிரிதான்.

'320 ஜிபியை எடுத்துட்டு 256 ஜிபி போடச் சொல்றீகளே, குறையுதே' என்று அந்த அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. அரசாங்கமே 2025ல் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புதிதாக லேப்டாப் கொடுக்க எல்காட் மூலம் டெண்டர் விட்டபோது 8 ஜிபி மெமரியும் 256 ஜிபி எஸ்எஸ்டியும்தான் கேட்டது. அக்கா வீட்டு டிஸ்க்கில் பத்து வருசத்துக்கு மேல் சேர்ந்தும் 60 ஜிபிதான் நிரம்பியிருந்தது. அதிலும் பாதி சினிமா.

வாங்கப் போகும்போது

மெமரி கம்பி மாதிரி அல்ல, மீட்டர் கணக்கில் எதையும் வாங்கிவிட முடியாது. டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 என்று தலைமுறை உண்டு. ஒன்றுக்கு உள்ள வெட்டு இன்னொன்றில் வேறு இடத்தில் இருக்கும். மாற்றிச் செருகினால் போகாது. அழுத்திச் செருகினால் சொருகும் இடமே உடைந்துவிடும். மேசைக் கம்ப்யூட்டருக்கு வருவது நீளம், லேப்டாப்புக்கு வருவது குட்டை. அதனால் கடைக்குப் போகும்போது லேப்டாப்பையே கொண்டு போங்கள், அல்லது உள்ளே இருக்கும் மெமரி அட்டையின் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அரசு லேப்டாப்பில் பழையதில் டிடிஆர்3 இருக்கும். டிடிஆர்3 இப்போது புதிதாகக் கிடைப்பது குறைவு. கழற்றி விற்கும் பழசையே வாங்கலாம், ஆனால் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கணும்.

விலை பற்றி ஒரு எச்சரிக்கை. 2025 கடைசியில் இருந்து உலகம் முழுக்க மெமரி விலை ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரிய பெரிய கம்பெனிகள் கட்டும் கம்ப்யூட்டர் கூடங்கள் மெமரிச் சிப்பை மொத்தமாக வாங்கிப் போகின்றன. மல்லி விலை மாதிரி வாரத்துக்கு வாரம் மாறுகிறது. நாங்கள் கீழே சொல்லும் தொகை 2025 ஆடியில் கொடுத்தது. ரெண்டு மூன்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இன்னொரு விஷயத்தில் நாங்களே ஏமாந்திருப்போம். முதல் வருடங்களில் வந்த அரசு லேப்டாப்பில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்ற சாதனம் போட்டிருந்தது, கூடவே பாஸ் என்ற லினக்ஸும். பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்தது. அந்த ஸ்டார்ட்டர் 2 ஜிபிக்கு மேல் மெமரியைக் கண்ணால் பார்க்காது. நீங்கள் 8 ஜிபி வாங்கிப் போட்டாலும் 2 ஜிபியைத்தான் பயன்படுத்தும். பெரிய பாய் வாங்கி, ஒரு ஓரம் மட்டும் விரித்த கதை. பக்கத்து ஊரில் ஒரு தம்பி மெமரி போட்டுவிட்டு "ஒரு வித்தியாசமும் இல்லக்கா" என்று சொன்னதற்கு இதுதான் காரணம். மெமரி மாற்றினால் 64 பிட் சாதனத்தையும் சேர்த்துப் போடணும். விண்டோஸ் 7க்குப் பாதுகாப்புத் திருத்தம் 2020 ஜனவரி 14 அன்றே நின்றுவிட்டது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14 அன்று பொதுவான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இந்தப் பழைய மிஷின்களை ஏற்காது. அதனால் லினக்ஸ்தான் வழி. காசு கிடையாது. லிப்ரே ஆபீஸ் அதிலேயே வரும், எக்ஸெல் கணக்கைத் திறக்கும், தமிழில் அடிக்கலாம். ஒரு குறையும் உண்டு, மறைக்கக் கூடாது: டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. அக்கா மகள் டாலியைக் கல்லூரி லேபில்தான் செய்கிறாள்.

எல்லா லேப்டாப்பையும் காப்பாற்ற முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஸ்கிரீன் உடைந்திருந்தால், மதர்போர்டு போயிருந்தால் விட்டுவிடுங்கள். சில மலிவான புது லேப்டாப்பில் மெமரியைப் போர்டோடு ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள், அதில் கூட்டவே முடியாது. பேட்டரி உப்பியிருந்தால் அதைத் தொடாமல், சார்ஜ் போடாமல் முதலில் கடைக்காரரிடம் காட்டுங்கள். அது தீப்பிடிக்கும். பேட்டரி நிற்கவில்லை, ஆனால் உப்பவில்லை என்றால் பயம் இல்லை, சார்ஜரிலேயே ஓட்டலாம்.

எங்கள் அலுவலகத்தில் நடந்தது

மிஷினைத் திறக்கும் கதைக்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும். 2023ல் கூட்டமைப்பு அலுவலக லேப்டாப் மெதுவாகிப் போனதால் மதுரை டவுனுக்குள் ஒரு கடையில் கொடுத்தோம். ரெண்டு நாளில் வேகமாக ஓடும்படி செய்து கொடுத்தார்கள். சந்தோசமாக வாங்கி வந்துவிட்டோம். மறுநாள் திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. குழுக்களின் ஆறு வருடக் கணக்கு, உறுப்பினர்களின் ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம், இன்சூரன்ஸுக்கு எடுத்த போட்டோ எதுவும் இல்லை. "புது டிஸ்க்கு போட்டம்ல மேடம், பழசு போச்சு" என்றார்கள்.

கணக்கு பெரிதாக நஷ்டம் இல்லை, லெட்ஜரில் கையால் எழுதியது இருந்தது. கணக்காளர் ரெண்டு மாதம் உட்கார்ந்து மறுபடி ஏற்றினார். ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் போனது வேறு காரணத்தால். அந்தப் பழைய டிஸ்க் எங்கோ ஒரு மூலையில் கிடக்கிறது. நூற்றுக்கணக்கான பெண்களின் ஆதார் எண்ணும் கையெழுத்தும் போட்டோவும் அதில் இருக்கிறது. அழித்தாலும், ஃபார்மேட் அடித்தாலும் டிஸ்க்கில் இருப்பது உடனே போய்விடாது. முன்பக்க அட்டவணையைக் கிழித்த நோட்டு மாதிரி, உள்ளே எழுத்து இருக்கும். தெரிந்தவன் எடுத்துவிடுவான்.

மறுநாள் காலையில் நாலு பேர் பஸ் ஏறிப் போய் அந்தக் கடை வாசலில் நின்றோம். "எங்க டிஸ்க்க குடுங்க, இல்லாட்டி நகர மாட்டோம்" என்றோம். ஒரு மணி நேரம் கழித்துக் கழிவுச் சாக்கில் இருந்து எடுத்துக் கொடுத்தார்கள். சீரியல் எண்ணை எங்கள் பில்லோடு ஒத்துப் பார்த்து வாங்கி வந்தோம். அன்றையிலிருந்து எங்கள் தீர்மானம் இது: கடையில் கொடுத்தாலும் பழைய டிஸ்க் நம் கைக்குத் திரும்பி வரணும், கொடுக்கும்போதே ரசீதில் அதை எழுதி வாங்கணும்.

பாயில் வைத்துத் திறந்தோம்

அக்கா வீட்டு லேப்டாப்புக்கு முதல் வேலையாக டிஸ்க்கில் இருந்ததைப் பென் டிரைவில் ஒரு நகல், மகன் கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்தோம். ரெண்டு இடத்தில் இருக்கணும், ரெண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. நம் சமணர்மலையில் பேச்சிப்பள்ளத்துப் பாறையில் வெட்டிய வட்டெழுத்து ஆயிரம் வருடம் தாண்டி நிற்கிறது. ஹார்ட் டிஸ்க் ஐந்தாறு வருடம் தாண்டினால் அதன் நல்ல மனசு. எஸ்எஸ்டியும் சாகாவரம் வாங்கி வந்தது இல்லை. பழைய டிஸ்க் கெடும் முன் பல தடவை சத்தம் போட்டுச் சொல்லும். எஸ்எஸ்டி சில சமயம் சொல்லாமலே போய்விடும்.

திறந்தது நம் ஊரில் பாலிடெக்னிக் முடித்த ஒரு பெண். நாங்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, ஆன் பட்டனை இருபது எண்ணும் வரை அழுத்திப் பிடித்தாள். உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் போவதற்கு. அப்புறம் ஜன்னல் கம்பியைத் தொட்டாள். நைலான் சேலையைக் கழற்றும்போது சடசடவென்று பொறி வரும் இல்லையா, அந்த மின்சாரம் நம் விரலில் இருந்தால் மெமரிச் சிப்பைச் சாகடித்துவிடுமாம். பெரியவர்கள் எல்லாரையும் தள்ளி உட்காரச் சொன்னாள், பேசாமல் உட்கார்ந்தோம்.

கழற்றிய திருகாணிகளை ஒரு எவர்சில்வர் தட்டில், எந்த இடத்தில் இருந்ததோ அதே வரிசையில் வைத்தாள். எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் போர்டைக் குத்திவிடும். உள்ளே மெமரிக்கு ரெண்டு இடம் இருந்தது, ஒன்று காலி. புதிய 4 ஜிபி அட்டையை ஓரத்தில் பிடித்து, மஞ்சள் பல்லைத் தொடாமல், சாய்வாகச் செருகி மெதுவாகப் படுக்க வைத்தாள். ரெண்டு பக்கமும் டக் என்று கொக்கி விழுந்தது. ஹார்ட் டிஸ்க்கை நாலு திருகாணி எடுத்ததும் பக்கவாட்டில் இழுத்து வெளியே எடுத்தாள். அதே அளவில் எஸ்எஸ்டி போய் உட்கார்ந்தது. கனம் கொஞ்சம் மெல்லிசு, ஆடாமல் இருக்கப் பழைய டிஸ்க்கின் தகரச் சட்டத்தையே போட்டாள்.

ஆன் பண்ணினால் ஸ்கிரீன் கறுப்பு. ஒன்றும் வரவில்லை. அக்கா மலையடிவாரத்துக் கருப்பசாமியைக் கூப்பிட்டே விட்டார். அந்தப் பெண் பதறவில்லை. மெமரியைக் கழற்றி, பல்லைச் சுத்தமான துணியால் துடைத்துத் திரும்பச் செருகினாள். இந்தத் தடவை வந்தது. மெமரி சரியாக உட்காரவில்லை என்றால் இப்படித்தான் ஆகும் என்றாள். மொத்தம் 6 ஜிபி என்று காட்டியது.

லினக்ஸ் போட அரை மணி நேரம். அதற்கு அப்புறம் நிறுத்தி மறுபடி ஆன் பண்ணினோம். முன்னே ஏழு நிமிடம் ஆனது, அரை நிமிடத்துக்குள் கிளம்பிவிட்டது. அக்கா நம்பாமல் மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் போட்டுப் பார்த்தார்.

செலவு: பழைய 4 ஜிபி மெமரி 700, எஸ்எஸ்டி 1,700, பழைய டிஸ்க்கை யுஎஸ்பியில் மாட்ட ஒரு உறை 250, அந்தப் பெண்ணுக்குக் கூலி 300. ஆக 2,950 ரூபாய். கூலி வேண்டாம் என்றவளிடம் கட்டாயப்படுத்திக் கொடுத்தோம். அவள் படிப்புக்கும் ஒரு குழுதான் கடன் கொடுத்தது, அதை அவள் கட்டிக்கொண்டு இருக்கிறாள்.

அடுத்த கூட்டத்தில் அக்கா 35,000 ரூபாய் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு 3,000 ரூபாய்க்கு மனுக் கொடுத்தார். பழைய டிஸ்க் அந்த உறையில் அவர் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. நகல் எடுத்த அன்றைக்கு மகள் ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தபோது, 2012ல் புது லேப்டாப் வந்த சாயங்காலம் அண்ணன் அதன் கேமராவில் எடுத்த ஒரு படம் வந்தது. திண்ணையில் அப்பத்தா, மடியில் பாதி கட்டிய பூச்சரம். அவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. வீட்டில் அவர் படம் என்று இருந்தது ரேஷன் கார்டில் உள்ளது மட்டும்தான். நாகமலைப் புதுக்கோட்டைக்குப் போய் ரெண்டு பிரிண்ட் போட்டு, ஒன்றைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள்.